தன்னைத்தானே ஓட்டிப் பார்க்கும் நிரல்: நிறுத்தச் சிக்கலில் என் சோதனை எங்கே தவறியது?

தளிர்நிரல் (கேள்வி):

வணக்கம். நான் கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். இந்தப் பருவத்தில் எங்களுக்கு நிறுத்தச் சிக்கலை நடத்தினார்கள். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது ஒரு கட்டத்தில் நிற்குமா, முடிவின்றி ஓடிக்கொண்டே இருக்குமா என்பதைத் தவறாமல் சொல்லும் ஒரு நிரலை எழுதவே முடியாது என்பதும், அதற்கான நிரூபணமும் கரும்பலகையில் அரைப் பக்கத்துக்குள் முடிந்துவிட்டன. ஒவ்வொரு வரியும் தனித்தனியே புரிந்தது. எல்லாம் சேர்ந்தபோது மட்டும் கண்கட்டு வித்தை போலப் பட்டது. ஆகவே கைப்பட எழுதிப் பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

எட்டே கட்டளைகள் கொண்ட ஒரு சிறு மொழியை உருவாக்கி, அதற்கு ஒரு சிமுலேட்டரைப் பைத்தானில் எழுதினேன். 'நிற்குமா' என்ற ஃபங்ஷன், தனக்குத் தரப்பட்ட நிரலைப் படிப்படியாக உள்ளே ஓட்டிப் பார்க்கும். அந்த நிரல் நின்றுவிட்டால் 'ஆம்' என்று விடை தரும். ஒரே ஃபங்ஷன் அதே உள்ளீட்டுடன், இடையில் எந்த நிபந்தனைக் கிளையும் ('இப்படியானால் இதைச் செய், இல்லையேல் அதைச் செய்' என்ற பிரிவு) குறுக்கிடாமல், இரண்டாம் முறை அழைக்கப்படுவதைக் கண்டால், இது முடிவிலா மறுஅழைப்பு என்று தீர்மானித்து ஓட்டத்தை அங்கேயே கைவிட்டு 'இல்லை' என்று விடை தரும். பிறகு, பாடத்தில் வரும் எதிர்நிரலை எழுதினேன். அதற்கு 'முரடன்' என்று பெயர் வைத்தேன்.

முரடன்:
விடை = நிற்குமா(முரடன்)
விடை 'ஆம்' எனில், முடிவின்றிச் சுற்று
விடை 'இல்லை' எனில், நின்றுவிடு

'நிற்குமா(முரடன்)' என்று அழைத்தால், உள்ளே ஓடும் முரடன் மறுபடியும் 'நிற்குமா(முரடன்)' என்று அழைக்கிறது. அந்த உள் 'நிற்குமா' இன்னொரு முரடனை ஓட்டத் தொடங்குகிறது. என் சிமுலேட்டர் இரண்டாம் அழைப்பிலேயே இதைப் பிடித்துவிட்டு, 'இல்லை' என்கிறது. ஆனால் முரடனைத் தனியே நேரடியாக ஓட்டினால் அது அமைதியாக நின்றுவிடுகிறது. பாடத்தில் சொன்னபடியே விடை பொய்த்துப்போகிறது.

இருந்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. சிமுலேட்டர் கைவிடாமல் இருந்திருந்தால், உள்ளே ஓடிய முரடன் தன் கடைசி வரியை ஒருபோதும் எட்டியிருக்காது அல்லவா? அப்படியானால் உள்ளே ஓடிய முரடனைப் பொறுத்தவரை 'நிற்காது' என்பது சரியான விடைதானே? நிரூபணத்தைத் திரும்பச் சொல்லாமல், என் சோதனையிலேயே நான் எந்த இடத்தில் இடறினேன் என்று யாராவது காட்டினால் நன்றியுடையவனாவேன்.

கரிசல்மண்:

நீங்கள் இடறிய இடம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: 'சிமுலேட்டர் கைவிடாமல் இருந்திருந்தால்' என்ற அந்தச் சொற்றொடர்தான்.

முரடனை மூன்று வரி நிரல் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது மூன்று வரியில் முடிவதில்லை. அது அழைக்கும் 'நிற்குமா'வின் முழு உரையும், இரண்டாம் அழைப்பைக் கண்டால் கைவிட வேண்டும் என்ற கட்டளை உட்பட, முரடனின் உறுப்புதான். அந்தக் கட்டளையை நீக்கினால் 'நிற்குமா' மட்டும் மாறுவதில்லை, முரடனும் மாறிவிடுகிறான். கைவிடாத 'நிற்குமா'வைச் சுமந்திருக்கும் முரடன் முடிவின்றி ஓடுவான் என்பது முற்றிலும் உண்மை. ஆனால் உங்களிடம் உள்ளீடாகத் தரப்பட்டவன் அவன் அல்லன், கைவிடும் 'நிற்குமா'வைச் சுமந்திருப்பவன். ஒருவனைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு, அவனைப் போலவே தோன்றும் இன்னொருவனைப் பற்றி உங்கள் நிரல் விடை சொல்லியிருக்கிறது.

இதை அடுக்குகளாகப் பிரித்துப் பாருங்கள். வெளியே இருக்கும் 'நிற்குமா'வை அடுக்கு 0 என்போம். அது ஓட்டும் முரடன், முதல் முறையாக 'நிற்குமா(முரடன்)' என்று அழைக்கிறான். இப்படி எழும் 'நிற்குமா' அடுக்கு 1. அடுக்கு 1 ஓட்டும் முரடன் மறுபடியும் அதே அழைப்பைச் செய்யும் கணத்தில், அடுக்கு 0 தன் கணக்கில் இரண்டு அழைப்புகளைக் கண்டுவிட்டது. அடுக்கு 1 தன் கணக்கில் ஒன்றைத்தான் கண்டிருக்கிறது. அடுக்கு 0 அங்கேயே விளக்கை அணைத்துவிடுகிறது. இன்னும் ஓர் அடுக்கு பொறுத்திருந்தால், அடுக்கு 1-ம் தன் இரண்டாம் அழைப்பைக் கண்டு, கைவிட்டு, 'இல்லை' என்று முரடனிடம் சொல்லி, முரடன் நின்றிருப்பான். சரி, இரண்டுக்குப் பதில் நூறு அழைப்புகள் வரை பொறுப்போம் என்று எல்லையை உயர்த்தினால், உள்ளே இருக்கும் பிரதியும் நூறு வரை பொறுக்கும். வெளி அடுக்கு எப்போதும் உள் அடுக்கைவிட ஓர் அழைப்பு முன்னதாகவே கைவிடும். தன் நிழலைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும் சிறுவனின் நிலைதான் இது.

உங்கள் சோதனை விதியில் இன்னொரு நுட்பமான வழுக்கல் இருக்கிறது. 'ஒரே ஃபங்ஷன், அதே உள்ளீடு, இடையில் நிபந்தனைக் கிளை இல்லை' என்ற விதி சாதாரண அழைப்புகளுக்கு மிகச் சரியானது. ஒரு ஃபங்ஷன் தன்னையே அதே உள்ளீட்டுடன் நேரடியாக அழைத்தால், உள்ளே இருப்பது முடியாமல் வெளியே இருப்பது ஓர் அடிகூட நகர முடியாது; ஆகவே அது முடிவிலாச் சுழல்தான். ஆனால் ஓட்டிப் பார்த்தல் என்பது அழைப்பு அன்று. வெளியே இருப்பவர், உள்ளே நடப்பது முடியும் முன்பே எழுந்து போய்விடலாம். உங்கள் நிரல் அதைத்தான் செய்கிறது. அந்த எழுந்து போகும் உரிமையே ஒரு நிபந்தனைக் கிளை. 'நிற்குமா'வுக்குள் இருக்கும் கட்டளைகளை உங்கள் சோதனை கணக்கில் சேர்க்காமல் தாண்டிவிடுகிறது என்று ஊகிக்கிறேன். சேர்த்துப் பாருங்கள், 'இடையில் கிளை இல்லை' என்ற நிபந்தனை அங்கே பொருந்தவே பொருந்தாது.

எண்சாவடி:

இதற்கு இவ்வளவு தத்துவம் தேவையா என்று தோன்றுகிறது. நடைமுறையில் இருக்கும் எல்லாக் கணினிகளுக்கும் நினைவகம் வரம்புக்குட்பட்டது. வரம்புள்ள நினைவகத்துக்கு வரம்புள்ள நிலைகளே (ஒரு கணத்தில் நினைவகம் முழுவதிலும் இருக்கும் மதிப்புகளின் அமைப்புகளே) உண்டு. ஏற்கெனவே கண்ட ஒரு நிலை மறுபடியும் வந்துவிட்டால் நிரல் சுற்றுகிறது என்று பொருள். ஆகவே எந்த உண்மையான கணினிக்கும் நிறுத்தச் சிக்கல் தீர்க்கக்கூடியதே. முடிவிலா நாடாவில் குறிகளைப் படித்தும் எழுதியும் நகரும் கற்பனைக் கணினியான டூரிங் எந்திரத்துக்குத்தான் இந்தத் தடை.

கரிசல்மண்:

கொள்கையளவில் நீங்கள் சொல்வது சரி, அதில் மறுப்பில்லை. ஆனால் 1 கிலோபைட் நினைவகம் என்பது 8,192 பிட்டுகள். அதன் நிலைகள் 2-இன் 8,192-ஆம் அடுக்கு, அதாவது 2,467 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். அத்தனை நிலைகளையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை, நிரலின் இரு பிரதிகளில் ஒன்றை ஓரடியும் மற்றொன்றை ஈரடியும் நகர்த்தி, இரண்டும் ஒரே நிலையில் சந்திக்கின்றனவா என்று பார்க்கும் ஆமை முயல் உத்தி போதும் என்றாலும், அந்த ஆமையும் முயலும் சந்திக்கும் வரை காத்திருப்பது யார்?

அதைவிட முக்கியமானது, கேள்வி கேட்டவரின் பொருளுக்கு இது உதவாது என்பதுதான். 1 கிலோபைட் எந்திரத்தின் நிலையை முழுதாக ஏந்தி, அதற்குமேல் அடி எண்ணியையும் வைத்திருக்கும் ஆய்வு நிரலுக்கு 1 கிலோபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். ஆகவே, அதே அளவுள்ள எந்திரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு அது தன்னையே இவ்வழியில் ஆராய முடியாது. முடிவிலா நாடாவைத் தள்ளிவைத்தாலும், தன்னைத்தானே ஆராய்வதன் சிக்கல் வேறு உருவத்தில் வாசலில் வந்து நிற்கிறது.

தளிர்நிரல்:

கரிசல்மண் அவர்களுக்கு மிக்க நன்றி. அடுக்குக் கணக்கை அச்சிட்டுப் பார்த்தேன். தாங்கள் சொன்னது போலவே, அடுக்கு 0 கைவிடும்போது அடுக்கு 1-இன் எண்ணி 1-இல்தான் நிற்கிறது. 'நிற்குமா'வின் உள்ளே உள்ள கிளைகளை என் சோதனை தாண்டிவிட்டதும் உண்மைதான்.

இருப்பினும் ஒரு வழி தோன்றுகிறது. உள்ளே ஓடும் 'நிற்குமா'வுக்குத் தான் உள்ளே இருக்கிறோம் என்று தெரியும்படி ஒரு பொது மாறியில் ஆழத்தைக் குறித்துவைத்தால் என்ன? ஆழம் 0 என்றால் கைவிடலாம். ஆழம் 1 அல்லது அதற்கு மேல் என்றால் கைவிடக் கூடாது. அப்போது உள்ளே ஓடும் முரடன் உண்மையிலேயே முடிவின்றி ஓடுவான், வெளியே இருப்பது 'இல்லை' என்பதும் உண்மையாகிவிடும் அல்லவா?

பனையோலை:

தம்பி, இது பலரும் கடந்து வந்த பாதை. நானும் ஒரு காலத்தில் இதே மாறியை வைத்து இரண்டு வாரங்களை வீணாக்கியிருக்கிறேன்.

அந்த மாறியை வைத்த கணமே உங்களிடம் இருப்பது இரண்டு ஃபங்ஷன்கள்: கைவிடும் ஒன்று, கைவிடாத ஒன்று. பெயர் மட்டும் ஒன்று. முரடனை நேரடியாக ஓட்டும்போது, அவன் அழைக்கும் 'நிற்குமா' ஆழம் 0-இல் இருப்பதால் கைவிடுகிறது, 'இல்லை' என்கிறது, முரடன் நின்றுவிடுகிறான். உள்ளே ஓட்டும்போது அதே வரி வேறு விதமாக நடந்துகொள்கிறது. ஒரு சிமுலேட்டரிடம் நாம் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: நேரடியாக ஓடினால் என்ன நடக்குமோ, உள்ளேயும் அதுவே நடக்க வேண்டும். அதை விட்டுக்கொடுத்துவிட்டால், உள்ளே ஓடியது முரடன் அன்று, முரடனின் வேடமணிந்த வேறொரு நிரல்.

மேலும், முரடனை எழுதுபவர் உங்கள் 'நிற்குமா'வைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அதன் உரையை நகலெடுத்து, மாறிகளின் பெயரை மாற்றி, கட்டளைகளின் வரிசையைச் சற்றுக் கலைத்து முரடனுக்குள் பொதித்துவிடலாம். அப்போது உங்கள் 'நிற்குமா', உள்ளே இருப்பது தன் பிரதி என்றே அறியாது. அடுக்குக்குள் அடுக்காக ஓட்டிக்கொண்டே போகும், விடையே வராது. இரு நிரல்கள் ஒரே வேலையைச் செய்கின்றனவா என்று பொதுவாகக் கண்டறிவதும் தீர்க்க முடியாத சிக்கல்தான். நிரல்களின் நடத்தை பற்றிய அற்பமல்லாத (சில நிரல்களுக்கு 'ஆம்', சிலவற்றுக்கு 'இல்லை' என்று விடை வரும்) எந்தக் கேள்விக்கும் இதே கதிதான் என்று 1953-இல் வெளியான ரைஸ் தேற்றம் சொல்கிறது.

உங்கள் சோதனை உண்மையில் மூலத்துக்கு மிக அருகில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆலன் டூரிங் 1936-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் முன் வைத்த கட்டுரையில் 'நிறுத்தச் சிக்கல்' என்ற பெயரே கிடையாது. அந்தப் பெயரை மார்ட்டின் டேவிஸின் 1958-ஆம் ஆண்டு நூல்தான் பரவலாக்கியது. டூரிங் பேசியது இலக்கங்களை அச்சிட்டுக்கொண்டே போகும் எந்திரங்களைப் பற்றி. அவருக்கு முடிவின்றி இலக்கங்களை எழுதிக்கொண்டிருக்கும் எந்திரமே நல்ல எந்திரம். ஒரு கட்டத்துக்குப் பிறகு எழுத முடியாமல் சிக்கிக்கொள்வதுதான் கெட்ட எந்திரம். நம் பாடங்களில் வரும் திசைக்கு இது நேர் எதிர்.

அந்தக் கட்டுரையில் அவர் கற்பனை செய்யும் எந்திரம் 1, 2, 3 என்று எந்திர எண்களை (ஒவ்வோர் எந்திரத்தின் வரையறையையும் குறிக்கும் எண்களை) வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றும் நல்லதா கெட்டதா என்று ஆய்வுப் பகுதியிடம் கேட்கிறது. நல்லது என்றால், அந்த எந்திரத்தைத் தன்னுள் ஓட்டி, அது எத்தனையாவது நல்ல எந்திரமோ அத்தனையாவது இலக்கத்தை எடுத்துத் தன் தாளில் எழுதுகிறது. ஆய்வுப் பகுதி எப்போதும் சரியான விடை தரும் என்று வைத்துக்கொண்டதால், இந்த எந்திரமும் நல்லதாகவே இருக்க வேண்டும். இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், ஒரு கட்டத்தில் அதன் சொந்த எண்ணே முறைவரிசையில் வந்து நிற்கிறது. தன்னைக் கெட்டது என்று சொல்ல முடியாது. நல்லது என்றால் தன்னையே உள்ளே ஓட்ட வேண்டும். முந்தைய இலக்கங்கள் வரை தடையின்றி வந்துவிடும். ஆனால் அடுத்த இலக்கத்தைக் கண்டுபிடிப்பதற்கான கட்டளை, 'நீ எழுதப்போகும் அடுத்த இலக்கத்தைக் கணக்கிட்டு, அதை எழுது' என்பதாகிவிடுகிறது. அந்த இலக்கம் ஒருபோதும் கிடைக்காது. நல்ல எந்திரம் என்று சொல்லப்பட்டது அங்கேயே சிக்கிக்கொள்கிறது.

கவனியுங்கள், இங்கே முரடனைப் போல விடையைத் தலைகீழாக்கும் வரி எதுவும் இல்லை. தன்னைத்தானே ஓட்டிப் பார்க்கும் எந்திரம் தன்னிடமே வந்து மாட்டிக்கொள்வது மட்டும்தான் இருக்கிறது. உங்கள் அடுக்கு 0, அடுக்கு 1 கணக்கு 1936-லேயே அந்தத் தாளில் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இன்று வகுப்புகளில் எழுதப்படும் சிறிய, தலைகீழாக்கும் வடிவம் நிரலாளர்களிடையே புகழ்பெற்றதற்குக் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி 1965 ஜனவரியில் 'கம்ப்யூட்டர் ஜர்னல்' இதழுக்கு எழுதிய ஒரு கடிதம் முக்கியமான காரணம். அதில் அவர் சொல்லும் செய்தி எனக்கு மிகவும் பிடித்தது: 1953-இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் போகும் வழியில், ரயில் பெட்டியில் டூரிங்கே இந்த நிரூபணத்தை வாய்மொழியாகச் சொன்னாராம், ஸ்ட்ரேச்சி உடனே மறந்தும் போனாராம். சொன்னவர் டூரிங்காகவே இருந்தும் கேட்டவர் மனத்தில் தங்கவில்லை என்றால், அரைப் பக்கத்தில் உங்களுக்குப் பிடிபடாததில் வியப்பில்லை.

கரிசல்மண்:

பனையோலை அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் இந்த இடத்தில் பலர் 'அப்படியானால் இந்த முயற்சியே வீண்' என்று மடிக்கணினியை மூடிவிடுகிறார்கள். 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டோடு 'தெரியவில்லை' என்ற மூன்றாவது விடையையும் அனுமதித்துவிட்டால், தேற்றம் உங்களைத் தடுக்காது. எத்தனை நிரல்களுக்கு 'தெரியவில்லை' என்று சொல்ல நேர்கிறது என்பதில்தான் திறமை.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஏற்றப்படும் ஈபிபிஎஃப் என்ற வகைச் சிறு நிரல்களைச் சோதிக்கும் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது நிரலின் பாதைகளை உங்கள் சிமுலேட்டரைப் போலவே ஓட்டிப் பார்க்கிறது. ஆனால் பத்து லட்சம் கட்டளைகளுக்குள் ஆய்வு முடியாவிட்டால் நிரலையே ஏற்க மறுத்துவிடுகிறது. ஒழுங்காக நின்றுவிடும் எத்தனையோ நிரல்கள் அதில் அடிபடும். ஆனால் கெர்னலுக்குள் முடிவின்றிச் சுற்றும் ஒன்று நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கொடுக்கும் விலை அது. 2019-இல் வந்த 5.3 பதிப்புக்கு முன்பு வரை சுழற்சிகளையே அது அனுமதித்ததில்லை.

மறுபக்கத்தில் 'பிஸி பீவர்' ஆய்வு இருக்கிறது. டிபோர் ராடோ 1962-இல் தொடங்கிவைத்த இந்தக் கேள்வி, குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள நிலைகளை (இங்கே நிலை என்பது நினைவகத்தின் அமைப்பு அன்று, எந்திரத்தின் விதிப்பட்டியலில் உள்ள உள்நிலை) கொண்ட டூரிங் எந்திரங்களில் வெற்று நாடாவில் தொடங்கி நின்றுவிடுபவை அதிகபட்சம் எத்தனை அடிகள் ஓடும் என்பது. ஐந்து நிலை எந்திரங்களுக்கு விடை 4,71,76,870. அந்த எந்திரத்தை மார்க்சனும் புன்ட்ராக்கும் 1989-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அதைவிட நீண்ட நேரம் ஓடி நிற்கும் ஒன்று இல்லை என்பது 2024-இல்தான் இணையத்தில் கூடிய ஆர்வலர் குழுவால் காக் என்ற நிரூபண மென்பொருளில் சரிபார்க்கப்பட்டது. அவர்கள் செய்ததும் நீங்கள் செய்ததும் ஒரே வகை வேலைதான்: ஓட்டிப் பார்ப்பது, சுழற்சியைக் கண்டறிவது, 'நிற்காது' என்று அறிவிப்பது. ஒரே வேறுபாடு, 'நிற்காது' என்று அறிவிக்கும் ஒவ்வொரு விதிக்கும் அவர்களிடம் நிரூபணம் இருந்தது.

ஆறு நிலைகளுக்குப் போனதும் நிலைமை தலைகீழாகிறது. 'ஆன்டிஹைட்ரா' என்று பெயரிடப்பட்ட ஒரு ஆறு நிலை எந்திரம் சாராம்சத்தில் செய்வது இவ்வளவே: எண் 8-இல் தொடங்கு, ஒவ்வோர் அடியிலும் எண் இரட்டைப்படையானால் சுழியத்தில் தொடங்கும் ஓர் எண்ணியில் 2 கூட்டு, ஒற்றைப்படையானால் 1 கழி, அந்த எண்ணி சுழியத்துக்குக் கீழே போனால் நில், இல்லையேல் எண்ணை ஒன்றரை மடங்காக்கி, பின்னத்தை உதறிவிடு. 8, 12, 18, 27, 40, 60 என்று போகிறது. எண்ணியும் ஏறிக்கொண்டே இருக்கிறது. இரட்டையும் ஒற்றையும் ஏறத்தாழச் சமமாக வந்தால் அது ஒருபோதும் நிற்காது. ஆனால் அப்படித்தான் வரும் என்று இதுவரை யாரும் நிரூபித்ததில்லை. இதில் தன்னைத்தானே அழைக்கும் சூது ஏதுமில்லை, முரடனும் இல்லை. வெறும் ஒன்றரை மடங்கு வாய்பாடுதான், அதற்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறோம்.

தளிர்நிரல்:

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு மாற்றி எழுதினேன். ஆழம் குறிக்கும் மாறியை நீக்கிவிட்டேன். கிளைச் சோதனையில் 'நிற்குமா'வின் சொந்தக் கட்டளைகளையும் சேர்த்துக்கொண்டேன். விதி பொருந்தாமல் போனால், பத்தாயிரம் அடிகளுக்குப் பிறகு 'தெரியவில்லை' என்று விடை தரச் செய்தேன். முரடனின் கடைசி வரியையும், 'ஆம்' தவிர வேறு எந்த விடை வந்தாலும் நின்றுவிடு என்று திருத்தினேன். இப்போது முரடனைக் கொடுத்தால் 'தெரியவில்லை' என்கிறது. நேரடியாக ஓட்டினால் முரடன் நிற்கிறான். விடை பயனற்றது, ஆனால் பொய்யில்லை.

இதைச் செய்யும்போது வெட்கப்படத்தக்க இன்னொரு பிழையும் அகப்பட்டது. 'அதே உள்ளீடு' என்று விதியில் எழுதியிருந்தேனே தவிர, நிரலில் ஃபங்ஷனின் பெயரை மட்டுமே ஒப்பிட்டிருந்தேன். கிளைகளையும் மேல் அடுக்கில் மட்டுமே எண்ணியிருந்தேன். அதனால் 5-இன் காரணியப் பெருக்கத்தை (5×4×3×2×1) கணக்கிடும் நிரலைக்கூட, அது தன்னை 4 என்ற உள்ளீட்டுடன் அழைத்த மாத்திரத்தில், 'நிற்காது' என்று என் சிமுலேட்டர் தீர்ப்பளித்துக்கொண்டிருந்தது. இரண்டு மாதங்களாக முரடனை மட்டுமே சோதித்துக்கொண்டிருந்ததால் அது என் கண்ணில் படவேயில்லை. ஆன்டிஹைட்ராவை என் எட்டுக் கட்டளை மொழியில் எழுத ஒன்றரை மடங்குக்கு வழியில்லை. வலப்பக்கம் ஒரு பிட் நகர்த்தும் ஒன்பதாவது கட்டளையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.